சும்மா இருப்பவர் யார்?



திருமண ஓலை எழுதப் பங்கு அலுவலகத்திற்கு வருகின்றவர்களிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வது வழக்கம். பெயர், ஊர், ஞானஸ்நானம் பெற்ற நாள் என்று தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும் பேனா, தாயின் தொழில் என்னும் இடத்திற்கு வந்ததும் சற்றே தயங்கி நிற்கும். "அம்மாவுக்கு என்ன சாமி எழுத?" என்று மணமகன் கேட்பான். நாம் விடை கூறுமுன் அருகில் நிற்கும் தாயே முந்திக்கொள்வார்: "எனக்கென்ன தொழில்? நான் வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்!" அவனும் அந்த இடத்தில் ஒரு சிறு கோட்டைக் கிழித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்வான்.

சும்மா இருப்பதே பெரும் சுகம் என்று ஞானியர் பலர் சொல்லிச் சென்றிருக்கின்றனர். அந்தச் சுகத்தை நம் தாய்மார் ஒருநாளேனும் கண்டதுண்டா? விடியுமுன் எழுந்து முற்றம் பெருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரம் தவறினால் அன்றைய பாடு திண்டாட்டம். மூத்தவனுக்குச் சோறு கட்ட வேண்டும். இளையவளுக்குச் சடை பின்ன வேண்டும். மாமியாருக்கு மாத்திரை எடுத்துத் தரவேண்டும். கணவரின் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைக்க வேண்டும். எல்லாரும் வெளியேறிய பின்னர் எஞ்சியிருக்கும் பாத்திரமும் துணியும் யாருக்காகக் காத்திருக்கின்றன என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. நெல்லைச் சீமையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பகல் முழுதும் பீடி சுற்றுகின்ற ஒரு பெண்ணிடம், "நீ வேலைக்குப் போகிறாயா அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை சாமி, வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பீடி சுற்றுகிறேன்" என்பார். கூலி வாங்குகின்ற வேலையைக்கூட, வீட்டுக்குள் இருந்து செய்வதனால் வேலையென்று சொல்ல அவர் நா எழவில்லை!

இது பேதைமையால் வந்த பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். அரசின் ஏடுகளே இப்படித்தான் எழுதி வந்திருக்கின்றன. நம் நாட்டில் வேலைவாய்ப்பைப் பற்றிக் கணக்கெடுக்கும் அலுவலர்களிடம் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் உண்டு. வீட்டு வேலையை மட்டும் செய்பவருக்கு 92 என்பது எண். அதனுடன் விறகு பொறுக்குவது, மாட்டுக்குத் தீவனம் சேர்ப்பது, வீட்டாருக்குத் துணி தைப்பது ஆகியவற்றையும் செய்பவருக்கு 93. இவ்விரு எண்ணுக்கும் உரியவர்கள் உழைப்பாளர் தொகையில் சேரமாட்டார்கள். 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 36 கோடிப் பெண்கள் உழைக்காதவர் பட்டியலில், பிச்சைக்காரர், விலைமகளிர், சிறைக்கைதிகள் ஆகியோருடன் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருந்தனர். 2010-ஆம் ஆண்டில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பெழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி கங்குலி அவர்கள் இதனைச் சுட்டிக்காட்டி வன்மையாகக் கண்டித்தார்.

பின்னர் அரசே ஒரு நல்ல காரியம் செய்தது. மக்கள் தம் நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதை 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் வீடு வீடாகக் கேட்டறிந்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுள், ஊதியமின்றி வீட்டு வேலை செய்த பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டனர். ஆண்களோ 97 நிமிடங்கள். "பரவாயில்லையே, ஆண்களும் ஒன்றரை மணி நேரம் செய்கிறார்களே" என்று மகிழ்ந்துவிட வேண்டாம். இந்த 97 நிமிடம், அன்று வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்கு மட்டுமே. அவ்வாறு கை வைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்தாம். பெண்களிலோ நூற்றுக்கு 81 பேர். எல்லாரையும் சேர்த்து நாமே பெருக்கி வகுத்துப் பார்த்தோம். பெண்ணுக்கு நான்கு மணி நேரமும் சில நிமிடங்களும் வந்தன. ஆணுக்கு வந்தது 25 நிமிடம்!

ஆண்கள் சோம்பேறிகள் என்று இக்கணக்கு சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அதே கணக்கெடுப்பில், ஊதியம் தரும் வேலைகளில் ஈடுபட்ட ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். அவர்கள் நாளொன்றுக்கு 459 நிமிடங்கள் உழைத்தனர். அத்தகைய வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 18 பேர். அவர்களது உழைப்பு 333 நிமிடங்கள். வெயிலில் கொத்துவேலை செய்பவரையும், இரவெல்லாம் லாரி ஓட்டுபவரையும், அலையோடு மல்லுக்கட்டி மீன்பிடிப்பவரையும் நாம் நன்கு அறிவோம். ஒருவர் வெளியே உழைக்க, மற்றவர் உள்ளே உழைக்கக் குடும்பங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதில் குற்றம் காண நாம் வரவில்லை. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் வேலை என்று பெயர் சூட்டி, மற்றொன்றைச் சும்மா இருத்தல் என்கிறோமே, வழக்கு அதன் மேல்தான். வெளிவேலைக்கு மாலையில் ஒரு முடிவு உண்டு, ஞாயிறு உண்டு, ஓய்வு பெறும் வயது உண்டு. உள்வேலைக்கு இவற்றுள் எது உண்டு?

ஐந்தாண்டு கழித்து, 2024-ஆம் ஆண்டில் மறுபடியும் கணக்கெடுத்தனர். பெண்ணின் 299 நிமிடம் 289 ஆயிற்று. ஆணின் 97-உம் 88-ஆகக் குறைந்துவிட்டது! மிக்சியும் கிரைண்டரும் எரிவாயு அடுப்பும் அம்மிக்கும் ஆட்டுரலுக்கும் விடை கொடுத்தன என்பது மெய்தான். ஆனால் நாளைக்கு இட்லிக்கு மாவு உண்டா என்று இரவு பத்து மணிக்கு நினைத்துப் பார்க்கும் பொறுப்பை எந்த இயந்திரமும் ஏற்றுக்கொள்வதில்லை.

திருச்சபை இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். மனித உழைப்பைப் பற்றி 1981-ஆம் ஆண்டில் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், பாடுபட்டு உழைப்போரை அதில் வரிசையாகக் குறிப்பிடுகிறார். உழவர், சுரங்கத் தொழிலாளர், உருக்காலைத் தொழிலாளர், அறிவியலறிஞர், மருத்துவர், செவிலியர் என்று செல்லும் அவ்வரிசையில், சமுதாயத்தாலும் சிலவேளைகளில் சொந்தக் குடும்பத்தாராலும் தக்கபடி மதிக்கப்படாமல் அன்றாடம் வீட்டைச் சுமக்கின்ற பெண்களையும் அவர் சேர்த்திருக்கிறார். "சொந்தக் குடும்பத்தாராலும்" என்று அவர் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

வீட்டு வேலை ஒருநாள் நின்றுபோனால் என்னவாகும்? கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஒரு நாட்டில் நடந்தே இருக்கிறது. வட அட்லாண்டிக் கடலில் ஐஸ்லாந்து என்றொரு சிறிய தீவு நாடு. அங்கே 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று, பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தங்கள் வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு வெளியே வந்தனர். அலுவலகம் சென்றவர் அலுவலகத்தை விட்டார். மீன் ஆலையில் இருந்தவர் ஆலையை விட்டார். வீட்டில் "சும்மா" இருந்தவர் சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் விட்டார். வேலைநிறுத்தம் என்றால் சிலர் அஞ்சுவர் என்பதற்காக, "பெண்களின் விடுமுறை நாள்" என்று அதற்குப் பெயரிட்டிருந்தனர். தலைநகர் ரெய்க்யவிக்கில் மட்டும் சுமார் 25,000 பெண்கள் திரண்டனராம். பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் மூடிக் கிடக்கவே, தந்தையர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் சென்றனர். எளிதில் சமைக்கக்கூடிய பதப்படுத்திய இறைச்சி கடைகளில் விற்றுத் தீர்ந்துவிட்டது! மறு ஆண்டே ஆண் பெண் சமத்துவச் சட்டமொன்று அந்நாட்டில் இயற்றப்பட்டது. 1980-இல் விக்டிஸ் என்னும் பெண்மணி நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் தாய்மாரை இதற்குத் தூண்டிவிடுவதாகச் சகோதரர்கள் நம்மேல் வருத்தம் கொள்ள வேண்டாம். ஆயினும், மனைவி பிறந்தகம் சென்ற இரண்டு நாட்களில் வீடு என்ன கோலம் கொண்டது என்பதை நினைவுகூர்ந்தால் ஐஸ்லாந்து வரை செல்ல வேண்டிய அவசியமில்லை.

இனி உடல்நலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் அது நூற்றுக்கு 25. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர், 53 விழுக்காட்டினர், இரத்தசோகை உடையவர்களே. மாதவிலக்கும் மகப்பேறும் பெண்ணுடலின் இரும்புச்சத்தைக் குறைக்கின்றன என்பது இயற்கை. ஆகவேதான் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டுமென்றும், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டுமென்றும் 2020-இல் வரையறுத்தது. அதாவது அதிகமாக உண்ண வேண்டியவர் பெண். நம் வீடுகளில் நடப்பது என்ன? ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் குழம்பு வைக்கிறோம். கணவருக்கும் பிள்ளைகளுக்கும், வந்த விருந்தினருக்கும் பரிமாறிய பின்பு சட்டியின் அடியில் நிற்கும் சாற்றை ஊற்றிக்கொண்டு தாய் உண்ணுகிறார். "எனக்குக் கறி அவ்வளவு பிடிக்காது" என்று வேறு சொல்லிவிடுகிறார். அந்தச் சொல்லை நாம் அடியோடு நம்புவதில்லை. பிள்ளைகளே, நீங்களும் நம்பாதீர்கள்.

எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வீட்டில் சட்டியில் இருப்பது எவ்வளவு என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். குடும்ப செபத்திற்கு ஒன்றுகூடுகின்றவர்கள் உணவிற்கு ஒன்றுகூட முடியாதா? முருங்கைக்கீரையும் பயறும் சுவரொட்டியும் ஈரலும் வாங்கும்போது, யாருக்காக வாங்குகிறோம் என்பதை நினைத்து வாங்குங்கள். நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் சேர்ந்தால் உடல் இரும்புச்சத்தை நன்கு ஏற்கும். உண்டவுடன் தேநீர் குடித்தால் ஏற்பது குறையும். களைப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் என்று தாய் சொன்னால், "வயசாகிறதல்லவா" என்று தள்ளிவிடாமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு அங்கே விலையில்லை. நெஞ்சுவலியைக்கூட வாய்வு என்று சொல்லிச் சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, அடுப்பை அணைக்காமல் நிற்கின்ற தாய்மார் எத்தனை பேர்! தமக்கு நோய் வந்தால் வீட்டில் வேலை நின்றுவிடுமே என்ற அச்சம் ஒன்று. சும்மா இருக்கிற எனக்கு எதற்கு இவ்வளவு செலவு என்ற எண்ணம் மற்றொன்று. இரண்டாவது எண்ணம்தான் நமக்கு அதிக வருத்தம் தருகிறது.

ஆயினும் பெண்கள்தாம் நெடுநாள் வாழ்கின்றனர் என்று ஒருவர் சொல்லலாம். உண்மை. 2016-20 காலத்திற்கான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் பிறக்கும் பெண்ணின் எதிர்பார்க்கும் ஆயுள் 71.4 ஆண்டு, ஆணுக்கு 68.6. நெடுநாள் வாழ்தல் ஒன்று, நலமாய் வாழ்தல் மற்றொன்று. என்றாலும் ஆண்கள் ஏன் முந்தி மறைகின்றனர் என்ற கேள்வியை நாம் எளிதில் கடந்துவிடக் கூடாது.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் என்று தேசியக் குற்றப்பதிவுத் துறை பதிவு செய்தவர்கள் 1,70,924 பேர். அவர்களுள் ஆண்கள் 1,22,724 பேர். அதாவது பத்தில் ஏழு பேர். இந்த எண்ணிக்கையை வாசித்தபோது நாம் சிறிது நேரம் அப்படியே அமர்ந்துவிட்டோம். இதற்குக் காரணங்கள் பல. நோய் உண்டு, கடன் உண்டு, மது உண்டு, குடும்பச் சச்சரவு உண்டு. ஆனால் பங்குப் பணியில் நாம் கண்டவரையில், ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. சம்பாத்தியம் மட்டுமே வேலை என்று சிறுவயது முதல் கற்பிக்கப்பட்ட ஆண்மகன், சம்பாத்தியம் நின்ற நாளில் தன்னை ஒன்றுமில்லாதவனாகக் கருதிவிடுகிறான். ஆலை மூடப்படுகிறது, அல்லது வளைகுடாவிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறான், அல்லது முதுகெலும்பு முறிந்து படுக்கிறான். வீட்டில் செய்யத் தக்க வேலை நூறு இருந்தும், அவையெல்லாம் "சும்மா இருப்பவர்" வேலைகள் ஆதலால் அவற்றில் கை வைப்பது அவனுக்கு இழிவாகத் தோன்றுகிறது. அழுவதும் இழிவு என்று சொல்லி வளர்த்துவிட்டோம். ஆகையால் மனத்தில் உள்ளதை யாரிடமும் சொல்வதில்லை. எஞ்சியிருப்பது மதுக்கடை. மனைவியின் உழைப்பைத் தாழ்த்திய அதே அளவுகோல், ஒருநாள் கணவனையும் தாழ்த்திவிடுகிறது. (இத்தகைய துயரத்தில் இருப்பவர் எவரேனும் இதை வாசிப்பீர்களாயின், இன்றே யாரிடமாவது பேசுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்றது. பங்குத்தந்தையின் கதவைத் தட்டுவதற்கும் நேரங்காலம் பார்க்க வேண்டாம்.)

முதுமையிலும் இதையே காண்கிறோம். கணவரை இழந்த மூதாட்டி அழுது தேறி, அடுப்பை மூட்டிப் பேரப்பிள்ளைக்குக் கஞ்சி வைத்துவிடுகிறார். மனைவியை இழந்த முதியவரோ சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறதென்று தெரியாமல் நிற்கிறார். துணையை இழந்த முதல் சில மாதங்களில் மரணம் நேரும் வாய்ப்பு, பெண்களைவிட ஆண்களுக்கே அதிகமாக உயர்கிறது என்று பல நாடுகளின் ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். மகனுக்கு ஒரு பிடி அரிசி களையக் கற்றுக்கொடுக்காத தாய், அவனுக்குச் செல்லம் கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறார்.

இறுதியாகச் சொத்து. இதைப் பேசினால் சாமியாருக்கு இது ஏன் என்று கேட்பவர் உண்டு. அடக்கச் சடங்கு முடிந்த மறுவாரம் பங்கு அலுவலகத்தில் வந்து அமர்ந்து அழுகின்றவர்களை நாமே காண்கிறோம்; ஆகவே பேசித்தான் ஆகவேண்டும்.

இந்தியாவில் மனைவியின் வீட்டு உழைப்புக்குப் பெரும்பாலும் எப்போது விலை கணிக்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? அவர் விபத்தில் இறந்த பிறகு. இழப்பீட்டு வழக்குகளில்தான் இல்லத்தரசிக்கு மாத வருமானம் இவ்வளவு என்று நீதிமன்றம் மதிப்பிடுகிறது. மேலே கூறிய 299, 97 என்ற எண்களை 2021 சனவரியில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியதும் அத்தகைய ஒரு வழக்கில்தான். உயிரோடிருக்கும் மனைவிக்குக் கணக்கு எழுதிய தீர்ப்பொன்று 2023 சூனில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. கணவர் சவூதி அரேபியாவில் உழைத்துப் பணம் அனுப்பினார்; மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைக் காத்தார். சொத்து யாருடையது என்று வழக்கு வந்தது. சமையல்காரராகவும் வீட்டு மருத்துவராகவும் நிதி மேலாளராகவும் விடுமுறையின்றி மனைவி உழைத்ததனாலேயே கணவர் வெளியே சென்று பொருளீட்ட முடிந்தது. எனவே அச்சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்கும் சமபங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். இல்லத்தரசியின் பங்களிப்பை ஏற்கும் சட்டம் ஒன்றும் இயற்றப்படவில்லை என்பதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்திற்குத் தமிழக அரசு "உதவித்தொகை" என்று பெயரிடாமல் "உரிமைத்தொகை" என்று பெயரிட்டதும் கவனிக்கத்தக்கது. தொகை சிறிது; சொல் பெரிது.

நம் நாட்டிலேயே ஒரு பகுதியில் நிலைமை வேறு. புனித சவேரியாரின் உடல் துயிலும் கோவாவில், 1867-ஆம் ஆண்டுப் போர்த்துகீசியச் சட்டத்தின் வழிவந்த முறை இன்னும் உள்ளது. அங்கே வேறு உடன்படிக்கை எழுதாமல் மணமுடிக்கும் தம்பதியருக்குச் சொத்தெல்லாம் பொது, ஆளுக்குப் பாதி. மனைவியின் கையெழுத்தின்றி வீட்டையோ நிலத்தையோ கணவர் விற்க இயலாது. நம்மிடம் அப்படியன்று. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். அவர் உயிரோடிருக்கும்வரை அவர் பெயரிலுள்ள சொத்தில் மனைவிக்குச் சட்டப்படி பங்கேதும் கிடையாது. உயிலில் வேறொருவருக்கு எழுதிவிட்டால் அந்த மூன்றில் ஒன்றும் இல்லை. நாற்பது ஆண்டு அந்த வீட்டில் விளக்கேற்றிய தாய், எந்த மகன் வீட்டில் எத்தனை மாதம் இருப்பது என்று பஞ்சாயத்துப் பேசப்படும் பொருளாகிவிடுகிறார்.

ஆகவே புதுவீடு மந்திரிக்க நாள் கேட்டு வருகின்றவர்களிடம், பத்திரம் யார் பெயரில் என்று கேட்பதை நாம் சில ஆண்டுகளாக வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். சிலர் முகம் சுளிக்கின்றனர். சிலர், "வங்கிக் கடன் என் பெயரில்தானே சாமி" என்கின்றனர். இருவர் பெயரிலும் பத்திரம் எழுதத் தடையில்லை என்பதையும், பத்து இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறையும் என்று 2025 ஏப்ரல் முதல் தமிழக அரசு சலுகை தந்ததையும் எடுத்துச் சொல்கிறோம். மனைவிக்காக ஆகாவிட்டாலும் கட்டணத்திற்காகவாவது சிலர் பதிவு அலுவலகத்தில் அவர் பெயரைச் சேர்த்திருக்கின்றனர். அதையும் நாம் மகிழ்ச்சியோடு மந்திரித்துக் கொடுத்திருக்கிறோம்.